கேட்டவர், எழுந்தவர்: ஏலாக்குறிச்சி மண்ணில் இறைவனுக்குக் கீழ்ப்படிதல்



கிறிஸ்தவ வாழ்வில் இறைவனுக்குக் கீழ்ப்படிதல் என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். எந்த ஊரிலும் பேசக்கூடிய பொருள்தான். ஆனால் இந்த மண்ணில் பேசும்போது அதற்குத் தனி உரிமை உண்டு. திருமானூர் வட்டாரத்தில் கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் ஏலாக்குறிச்சி இருக்கிறது. அடைக்கல அன்னையின் அந்தத் திருத்தலத்துக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி, கலம்பகம் பாடி, அங்கே தங்கிப் பணி செய்தவர் வீரமாமுனிவர். அவருடைய பெருங்காப்பியத்தின் தலைவர் ஓர் அரசரல்லர், படைவீரரும் அல்லர். கடவுள் சொன்னதைக் கேட்டு அப்படியே செய்த ஒரு தச்சர். கீழ்ப்படிந்த ஒருவரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் காப்பியம் செய்த புலவர் வாழ்ந்த மண் இது. எனவே இந்தப் பொருளைப் பற்றி நாம் வெளியே போய்த் தேட வேண்டியதில்லை.

இன்று நான் நிறுவ விரும்புவது ஒன்றே. இறைவனுக்குக் கீழ்ப்படிகிறவர் முதலில் கேட்கிறார். கேட்டதைத் தம் மனச்சான்றின் முன் வைத்து ஆராய்கிறார். பிறகு தம்மிடமுள்ள அறிவு, உழைப்பு, காலம் எல்லாவற்றையும் கொடுத்து அதைச் செய்து முடிக்கிறார். கேட்டல், ஆராய்தல், செய்து முடித்தல் ஆகிய மூன்றில் எது குறைந்தாலும் கீழ்ப்படிதல் நிறைவு பெறாது.

திருவிவிலியம் காட்டும் அளவுகோல்

சவுல் அரசனின் கதையை நீங்கள் அறிவீர்கள். அமலேக்கியரோடு நடந்த போரில் கொள்ளைப் பொருள் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவனுக்குக் கிடைத்த கட்டளை. அவனோ கொழுத்த ஆடுமாடுகளை மட்டும் ஒதுக்கி வைத்தான். இறைவாக்கினர் சாமுவேல் கேட்டபோது, கடவுளுக்குப் பலியிடத்தான் வைத்தோம் என்றான். பலியைவிடக் கீழ்ப்படிதலே மேலானது என்று சாமுவேல் தீர்ப்புச் சொன்னார். சவுல் வழிபாட்டை விட்டவன் அல்லன். வழிபாட்டையே தன் மீறலுக்குப் போர்வையாக்கியவன். தேர்த்திருவிழாவும் கொடியேற்றமும் குறைவின்றி நடக்கும் நம் ஊர்கள் இந்தக் கதையைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும்.

இயேசு சொன்ன இரண்டு மகன்களின் உவமை இதைவிட நேராகப் பேசுகிறது. திராட்சைத் தோட்டத்துக்குப் போய் வேலை செய் என்று தந்தை சொல்கிறார். போக மாட்டேன் என்று சொன்ன மூத்தவன் பிறகு மனம் மாறிப் போகிறான். போகிறேன் ஐயா என்று மரியாதையாகச் சொன்ன இளையவன் போகவே இல்லை. தந்தையின் விருப்பத்தை நிறைவேற்றியவன் யார் என்று இயேசு கேட்கிறார். விடையில் ஐயமில்லை. பணிவான சொல்லைக் கடவுள் கணக்கில் எடுப்பதில்லை. வேலை நடந்ததா என்றே பார்க்கிறார்.

இயேசுவும் கெத்சமனித் தோட்டத்தில் தம் மனத்தை மறைக்கவில்லை. துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகலட்டும் என்று வேண்டினார்; வியர்வை இரத்தத் துளியாக விழுமளவு போராடினார்; அதன்பின் தந்தையின் விருப்பத்துக்குத் தம்மைக் கையளித்தார். இறைமகனே துன்பத்தின் வழியாகத்தான் கீழ்ப்படிதலைக் கற்றார் என்று எபிரேயர் திருமுகம் சொல்கிறது. அப்படியானால் நமக்கு அது பிறவிக் குணமாக வந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியுமா? அது கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று. கற்பதற்கு ஒரு வாழ்நாள் தேவை.

பேசாத வளன்

நற்செய்தி நூல்கள் நான்கையும் புரட்டிப் பாருங்கள். புனித சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்கூடப் பதிவாகவில்லை. அவர் கேட்டதும் செய்ததும் மட்டுமே இருக்கின்றன. மத்தேயு நற்செய்தியில் அவருக்கு நான்கு முறை கனவில் செய்தி வருகிறது. மரியாவை ஏற்றுக்கொள்ள வேண்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்குப் போக வேண்டும். ஏரோது இறந்தபின் திரும்ப வேண்டும். யூதேயாவைத் தவிர்த்துக் கலிலேயாவுக்குச் செல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் அவர் எழுந்தார், செய்தார். எகிப்துக்குப் புறப்பட்டது இரவிலேயே நடந்தது.

ஆனால் அந்தக் கனவுகளுக்கு முன்னால் அவர் சிந்தித்துக்கொண்டிருந்தார் என்பதைக் கவனியுங்கள். மரியா கருவுற்றிருப்பதை அறிந்தபோது, அவரை ஊராரின் பழிக்கு ஆளாக்காமல் மறைவாக விலக்கிவிடலாம் என்று எண்ணினார். சட்டம் அவருக்குக் கொடுத்திருந்த கடுமையான உரிமையை அவர் கையில் எடுக்கவில்லை. இரக்கத்தால் பண்பட்ட அந்த மனத்துக்குத்தான் இறைச்செய்தி வந்தது. நான்காம் கனவிலும் அப்படியே. ஏரோதின் மகன் அர்க்கெலாவு ஆள்கிறான் என்று கேள்விப்பட்டு யூதேயாவுக்குப் போக அவர் அஞ்சினார். அந்த அச்சத்துக்குக் கடவுள் மதிப்பளித்து வேறு வழி காட்டினார். கீழ்ப்படிகிறவர் தம் அறிவைக் கழற்றி வைத்துவிட்டு நடப்பதில்லை.

இந்த மனிதரைத்தான் வீரமாமுனிவர் வளன் என்ற பெயரில் தேம்பாவணியின் தலைவராக்கினார். 3 காண்டங்கள், 36 படலங்கள், 3,615 பாடல்கள். சிந்தாமணியும் கம்பராமாயணமும் நிலைநிறுத்திய காப்பிய மரபுக்குள் அவர் புகுந்தார். நாட்டுப் படலத்தில் யூதேயாவில் மழை பெய்கிறது, ஆறு பெருகுகிறது, வயல்கள் விளைகின்றன. பாலைநிலத்து ஊர்களுக்குக் காவிரிச் சமவெளியின் பசுமை வந்துவிடுகிறது. பேசாத ஒருவரைப் பற்றி இத்தனை பாடல்கள் எழுத முடிந்தது என்றால், செயலுக்குள் அவ்வளவு பொருள் இருந்தது என்பதே காரணம். கடைசிப் படலம் முடிசூட்டுப் படலம். போரில் வென்றவனுக்குரிய முடியை, சொன்னதைச் செய்த தச்சருக்குச் சூட்டியிருக்கிறார் புலவர். 

திருத்தந்தை பிரான்சிசு 2020 டிசம்பர் 8 அன்று சூசையப்பரைப் பற்றி ஒரு திருத்தூது மடல் வெளியிட்டார். அவரைக் கீழ்ப்படியும் தந்தை என்று அழைத்த அதே மடல், புதுவழி காணும் துணிவுள்ள தந்தை என்றும் அழைக்கிறது. இரண்டும் ஒரே மனிதரின் இரு குணங்கள். ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன் தேம்பாவணி கண்டதும் அதுவே.

அனுப்பப்பட்டவரின் உழைப்பு

வீரமாமுனிவர் என்று நாம் அழைக்கும் கொன்சுடான்சோ ஜோசப் பெசுகி 1680 நவம்பர் 8 அன்று இத்தாலியின் காசுதிலியோனேயில் பிறந்தார். 1698இல் சேசு சபையில் சேர்ந்தார். 1709இல் குருவானார். மதுரை மறைப்பணிக்குத் தம்மை அனுப்பும்படி தாமே வேண்டிப் பெற்று, 1710இல் கோவா வந்து, பிறகு தமிழகம் சேர்ந்தார். சேசு சபையார் எடுக்கும் வார்த்தைப்பாடுகளில் கீழ்ப்படிதலுக்குத் தனி இடம் உண்டு. அனுப்பிய இடத்துக்குப் போவது அவர்களுடைய வாழ்க்கை முறை.

போய்ச் சேருவதோடு கீழ்ப்படிதல் முடிந்துவிடும் என்று அவர் நினைத்திருந்தால், கொஞ்சம் பேச்சுத்தமிழ் கற்று, மந்திரங்களைச் சொல்லிக் கொடுத்துவிட்டு அவர் காலத்தை ஓட்டியிருக்கலாம். அவர் செய்தது வேறு. 1726இல் தேம்பாவணி. 1727இல் வேதியர் ஒழுக்கம். 1730இல் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்ற ஐந்திலக்கணத்தையும் சொல்லும் தொன்னூல் விளக்கம். 1732இல் பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பகுத்த சதுரகராதி. திருக்குறளின் அறத்துப்பாலுக்கும் பொருட்பாலுக்கும் இலத்தீன் மொழிபெயர்ப்பு. எகர ஒகரக் குறிலையும் நெடிலையும் எழுத்தில் வேறுபடுத்திக் காட்டிய சீர்திருத்தம். இவை எல்லாம் குதிரையிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய்த் திருப்பலி வைத்து, பாவசங்கீர்த்தனம் கேட்டு, வழக்குத் தீர்த்து வாழ்ந்த ஒருவர் செய்தவை. இடையில் குருக்கள்பட்டியில் சிறைப்பட்டு மரண தண்டனை வரை போய் மீண்டதும் உண்டு.

அரியலூர் மழவராயருக்கு வந்த இராசபிளவை ஏலாக்குறிச்சி மண்ணைப் பூசியதால் தீர்ந்தது என்றும், நன்றியாக அவர் கோயிலுக்கு நிலம் விட்டார் என்றும் இங்குள்ளோர் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். அந்தப் பக்திக் கதையை மதிக்கிறேன். ஆனால் முனிவரின் வாழ்வில் நான் அதிகம் வியப்பது அவருடைய உழைப்பை. கடவுள் ஒரு பணியைக் கொடுத்தால் அதை இரண்டாந்தரமாகச் செய்யக் கூடாது என்ற பிடிவாதம் அந்த நூல்களின் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது. ஆசிரியர், செவிலியர், விவசாயி, அலுவலர் என எந்தப் பணியில் இருக்கும் கிறிஸ்தவருக்கும் இது பொருந்தும். அரைகுறை வேலை செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை முதல் வரிசையில் முழந்தாளிடுவது அந்த இளைய மகனின் வழி.

கேள்வி கேட்டவர்கள்

கீழ்ப்படிதல் என்றவுடன் வாய்பொத்தி நிற்பது நம் நினைவுக்கு வருகிறது. வரலாறு வேறு பாடம் சொல்கிறது. சேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 1553இல் போர்ச்சுகல் சபையாருக்குக் கீழ்ப்படிதல் பற்றிப் புகழ்பெற்ற மடல் ஒன்றை எழுதினார். செயலால், விருப்பத்தால், அறிவால் என மூன்று படிகளை அதில் வகுத்தார். அவ்வளவு கடுமையான அந்த மடலே, தலைவரின் கருத்திலிருந்து மாறுபட்டு ஒன்று தோன்றினால் செபித்துவிட்டு அதை எடுத்துரைக்கலாம் என்றும் இடமளிக்கிறது.

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, தத்துவ போதகர், இந்த இடத்தை முழுமையாகப் பயன்படுத்தினார். காவி உடை, மரக்கறி உணவு, குடுமி பற்றிய அவருடைய முறைக்கு உடன்பணியாளர்களிடமே எதிர்ப்பு எழுந்தது. அவர் சபையைவிட்டு ஓடவில்லை. கருத்தை விழுங்கவும் இல்லை. நூல் எழுதி விளக்கினார். 1619இல் கோவாவில் கூடிய கூட்டத்தில் வாதாடினார். தீர்ப்புக்குக் காத்திருந்தார். 1623இல் திருத்தந்தை 15ஆம் கிரகோரி அனுமதி அளித்தார்.

நம் அண்டைக் கடற்கரையான தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த லுத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்குவையும் இங்கே நினைக்க வேண்டும். ஏழைக் கைம்பெண் ஒருத்தியின் வழக்கில் பரிந்து பேசியதை ஒட்டி டேனிஷ் ஆளுநர் அவரை 1708இல் சிறை வைத்தார். சுமார் 4 மாதம் சிறையிலிருந்தார். மனிதருக்குப் பணிவதைவிடக் கடவுளுக்குப் பணிவதே கடமை என்று பேதுரு தலைமைச் சங்கத்தின் முன் சொன்னது இப்படித்தான் ஒவ்வொரு காலத்திலும் மறுபடி சொல்லப்படுகிறது. வீரமாமுனிவரும் தரங்கம்பாடியாரும் ஒருவரை ஒருவர் கடுமையாக மறுத்து எழுதியவர்கள். ஆனாலும் முனிவரின் கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டது தரங்கம்பாடி அச்சகமே. கொள்கையில் மோதியவர்கள் பணியில் ஒருவரின் உழைப்பை ஒருவர் மதித்தார்கள்.

தவறிய இடம்

பெருமைகளை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினால் இந்தப் பொருளுக்கு நான் துரோகம் செய்தவனாவேன். திருத்தந்தையின் தூதர் தூர்னோன் 1704 ஜூன் 23 அன்று புதுச்சேரியில் ஓர் ஆணை பிறப்பித்தார். மலபார் சடங்குகள் என்று வழங்கிய பழக்கங்களைத் தடுத்த ஆணை அது. அதன் பல பகுதிகள் தமிழர் வாழ்வை அறியாமல் எழுதப்பட்டவை. தாலி, பூப்பு போன்றவற்றை வெளியூர்க் கண்ணோடு பார்த்தவை. ஆனால் அதிலிருந்த ஒரு கட்டளையை யாரும் குறை சொல்ல முடியாது. சேரியில் நோயுற்றுக் கிடப்பவரின் வீட்டுக்குள்ளேயே குரு சென்று அவஸ்தைப் பூசுதல் தர வேண்டும் என்றது அந்தக் கட்டளை.

இந்த ஒன்றை நிறைவேற்றத்தான் அதிகத் தயக்கம் இருந்தது. வீட்டுக்குள் போனால் மேல்சாதியார் நம்மை ஏற்க மாட்டார்கள் என்ற அச்சம் குருக்களைத் தடுத்தது. 40 ஆண்டு முறையீடுகளுக்குப் பின், 1744இல் திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணை, ஒடுக்கப்பட்டோருக்கெனத் தனிக் குருக்களை அமர்த்துகிறோம் என்ற சேசு சபையாரின் யோசனையை ஏற்றது. சட்டத்துக்குப் பணிந்ததாயிற்று, பிரிவினை அப்படியே இருந்தது. தொழுநோயாளியைத் தொட்டவரின் பெயரால் வந்தவர்கள், ஒரு குடிசையின் வாசலில் தயங்கி நின்றார்கள். அவர்களுடைய தியாகம் பெரிது. இந்தத் தவறும் பெரிது. இரண்டையும் சேர்த்தே சொல்வதுதான் வரலாற்றுக்கு நாம் செய்யும் நேர்மை.

அந்த வாசல் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. 2003 நவம்பரில் தம்மைச் சந்தித்த தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், சாதிப் பாகுபாடு மனித ஒருமைப்பாட்டுக்கும் மெய்யான ஆன்மிகத்துக்கும் எதிரானது என்று எடுத்துச் சொன்னார். இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கையை வெளியிட்டது. கட்டளை தெளிவாகவே இருக்கிறது. கல்லறையில் தனி இடம், திருவிழாவில் தனித் தேர்ப்பாதை என்று எங்கெல்லாம் கேட்கப்படுகிறதோ அங்கெல்லாம் மீறல் நடக்கிறது. எத்தனை செபமாலை உருட்டினாலும் அது சவுலின் பலிதான்.

உபதேசியார்களின் காலம்

கீழ்ப்படிதலின் மிகக் கடினமான சோதனை 1773இல் வந்தது. திருத்தந்தை 14ஆம் கிளமெண்ட் சேசு சபையையே கலைத்தார். திருத்தந்தைக்குக் கீழ்ப்படிவதாகத் தனி வார்த்தைப்பாடு கொடுத்த சபை, அந்தத் திருத்தந்தையின் ஆணையாலேயே கலைந்தது. அதற்கு முன்பே, 1759இல் போர்ச்சுகல் அரசு தன் ஆளுகைக்குட்பட்ட சேசு சபையாரைத் துரத்தியிருந்தது. சபை 1814இல் மீட்கப்பட்டது. சேசு சபையார் மதுரை மறைப்பணிக்கு மீண்டும் வந்தது 1838இல்.

இடைப்பட்ட ஏறத்தாழ 65 ஆண்டுகள் நம் ஊர்களில் நம்பிக்கையைக் காத்தவர்கள் யார்? மிகச் சில குருக்களும், அவர்களைவிட அதிகமாக ஊர் உபதேசியார்களும். ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபம் சொன்னவர்கள், சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர்கள், பிணத்தை அடக்கம் செய்தவர்கள், சண்டையை விலக்கியவர்கள் அவர்கள். வேதியர் ஒழுக்கத்தை வீரமாமுனிவர் எழுதியதே அவர்களுக்காகத்தான். கட்டளையிட மேலதிகாரி இல்லை, கணக்குக் கேட்க ஆளில்லை, கூலிக்கு உறுதியில்லை. ஆனாலும் பணி நின்றுவிடவில்லை. அவர்களில் பெரும்பாலோரின் பெயர்கூட எந்த ஏட்டிலும் இல்லை. சூசையப்பரின் கீழ்ப்படிதலுக்குத் தமிழ்நாட்டுச் சான்று வேண்டும் என்றால் நான் இவர்களையே காட்டுவேன்.

நமக்கு இட்ட கட்டளைகள்

அன்பர்களே, இன்று நமக்குக் கனவில் வானதூதர் வர வேண்டியதில்லை. கட்டளைகள் எழுதியே கிடக்கின்றன. வெங்காயத்துக்குக் களை எடுக்கவும் மக்காச்சோளம் உடைக்கவும் வந்தவருக்குப் பேசிய கூலியை அன்று மாலையே கொடுத்துவிட வேண்டும் என்பது மோசேயின் சட்டம். பெரம்பலூர்க் காடுகளில் நிலம் வைத்திருக்கும் கிறிஸ்தவருக்கு அது இன்றும் சட்டம்தான். ஆதாம் தோட்டத்தில் வைக்கப்பட்டது அதைப் பண்படுத்தவும் காக்கவும் என்று தொடக்கநூல் சொல்கிறது. சுண்ணாம்புக்கல் எடுத்த பள்ளங்களுக்கும் சிமெண்டுத் தூசிக்கும் நடுவில் வாழும் அரியலூர் மக்கள், மண்ணையும் நீரையும் காக்கும்படி கேட்பது அரசியல் ஆசையால் அன்று. முதல் மனிதனுக்கு இட்ட முதல் வேலையை அவர்கள் செய்கிறார்கள். வரதட்சணை வாங்க மாட்டேன் என்று பெற்றோரிடம் சொல்லும் இளைஞன் பெற்றோரை அவமதிக்கவில்லை. அவர்கள் தனக்குக் கற்றுக்கொடுத்த கடவுளுக்குக் கீழ்ப்படிகிறான்.

கீழ்ப்படிதலின் பெயரால் பிறரை அடக்குகிறவர்களுக்கும் ஒரு சொல். கணவர் மனைவியையும், நிர்வாகி ஊழியரையும், பங்கின் பெரியவர்கள் சிறியவர்களையும் வாயடைக்க இந்தச் சொல்லைப் பயன்படுத்தினால் அது இறைவனின் பெயரைத் தவறாகப் பயன்படுத்துவதாகும். கட்டளையிடும் இடத்தில் இருப்பவரே முதலில் கேட்க வேண்டியவர். சீடரின் கால்களைக் கழுவியவரே நம் தலைவர்.

மாணவச் செல்வங்களுக்கு என் வேண்டுகோள்: தேம்பாவணியைப் படியுங்கள். மனப்பாடப் பகுதியோடு நிறுத்திவிடாமல், வளன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்குப் போகும் பகுதியையாவது முழுவதும் படியுங்கள். பங்குகளின் பெரியோருக்கு என் வேண்டுகோள்: ஏலாக்குறிச்சிக்குத் திருயாத்திரை போகும் ஆண்டிலாவது, உங்கள் ஊரில் சாதியால் மூடியிருக்கும் ஒரு வாசலைத் திறந்துவிட்டுப் போங்கள். கல்லறையின் சுவரோ, தேர் போகாத தெருவோ, பந்தியில் ஒதுக்கிய இலையோ, எதுவானாலும் சரி. 1704இல் இட்ட அந்தக் கட்டளை இன்னும் நமக்காகக் காத்திருக்கிறது. அதை நிறைவேற்றும் பொறுப்பு இந்தத் தலைமுறையினுடையது. இந்த அரங்கில் இருக்கும் நம்முடையது.